கூலிப்படை நாவல்களிலிருந்து விளையாட்டு மேசைக்கு எதை எடுத்து வரலாம்?

கேள்வி இதுதான். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இரண்டு வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. கதை எப்போதும் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஊருக்கு ஆபத்து வருகிறது, வீரர்கள் வந்து அரக்கனைக் கொல்கிறார்கள், ஊர் விருந்து வைக்கிறது. இருண்ட கூலிப்படை ஃபேன்டஸி நாவல்களைப் படித்தால் ஆட்டம் மாறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா, எதைப் படிப்பது, படித்ததை மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது?

உண்மைதான். ஆனால் இந்த நாவல்களைப் படித்துவிட்டு கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், நாற்காலியில் உட்காருகிறவர்களில் பலர் ரத்தத்தையும் சேற்றையும் எரிந்த கிராமங்களையும்தான் எடுத்து வருகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மூன்று செஷன் தாங்கும், அப்புறம் யாருக்கும் எதுவும் உறைக்காது. நான் எடுத்து வரச் சொல்வது வேறு சரக்கு: ஒரு ஒப்பந்தம், ஒரு சம்பளக் கணக்கு, ஒரு ஆள் பட்டியல், செத்தவர்களின் பெயரை எழுதி வைக்க ஒரு நோட்டு. இந்த நான்கும் வந்துவிட்டால் இருட்டு தானாக வரும், அளவோடு வரும்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் செய்தித்தாள்களில் கூலிப்படை என்றால் பணம் வாங்கிக்கொண்டு ஆளை வெட்டும் கும்பல். இந்த நாவல்களில் வருவது தொழில்முறைப் படை. அதற்கென்று கொடி உண்டு, சட்டதிட்டம் உண்டு, தலைமுறை தலைமுறையாக வரும் கதை உண்டு. இன்று ஒரு அரசனுக்காகச் சண்டை போடும், அடுத்த வருடம் அவனுடைய எதிரிக்காக.

இந்த வகைக்கு மூலநூல் என்று ஒன்றைக் கைகாட்டச் சொன்னால், 1984ல் வந்த கிளென் குக்கின் 'தி பிளாக் கம்பெனி'யைத்தான் காட்டுவேன். குக் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அவருடைய சிப்பாய்கள் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் குறை, மேலதிகாரி மேல் எரிச்சல், கொஞ்சம் நேரம் கிடைத்தால் சீட்டாட்டம். உலகத்தைக் காப்பாற்றுவது பற்றி யாரும் பேசுவதில்லை.

கதையைச் சொல்பவன் குரோக்கர். படையின் வைத்தியன் அவன்தான், படையின் வரலாற்றை எழுதுபவனும் அவன்தான். அந்தப் படை தன்னுடைய ஏடுகளை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வருகிறது. மனம் தளர்ந்திருக்கும் ஆட்களுக்கு அவன் பழைய ஏடுகளிலிருந்து வாசித்துக் காட்டுகிறான். இந்த ஒரு ஏற்பாட்டில் விளையாட்டுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒப்பந்தம்.

நாவல் தொடங்கும்போது படை பெரில் என்ற துறைமுக நகரத்தில் அதன் ஆட்சியாளனிடம் வேலை பார்க்கிறது. நகரம் அழுகிக்கொண்டிருக்கிறது, வேலை பிடிக்கவில்லை, ஆட்கள் சாகிறார்கள். கிளம்பிப் போகலாமே? முடியாது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வாக்குத் தவறிய படை என்று பெயர் வந்துவிட்டால் இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒப்பந்தத்தை முறிக்காமலேயே அதிலிருந்து வெளியே வர அவர்கள் தேடிக்கொள்ளும் வழி அசிங்கமானது. அது என்ன என்று சொன்னால் உங்கள் வாசிப்பு கெட்டுவிடும். அதன் பிறகு அவர்கள் போய்ச் சேரும் எஜமானி, வடக்கை ஆளும் 'தி லேடி' என்ற சூனியக்காரி. வேறொரு கதையாக இருந்தால் வில்லன் இடத்தில் இருக்க வேண்டியவள் அவள். படிக்கிறவர் அவளுடைய சம்பளப் பட்டியலில் நின்றுகொண்டு யுத்தத்தைப் பார்க்கிறார்.

வழக்கமான ஆட்டத்தில் வீரர்களுக்கு வேலை கொடுப்பவன் ஒரு அறிவிப்புப் பலகை மாதிரி. எங்கே போக வேண்டும், என்ன கிடைக்கும் என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவான். ஒப்பந்தம் எழுதிப் பாருங்கள், அவன் மனிதனாகிவிடுவான். எத்தனை ஆட்கள், எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு, கொள்ளையில் யாருக்கு எத்தனை பங்கு, குதிரை செத்தால் யார் தருவது, எதைச் செய்ய மாட்டோம். இத்தாலியில் 14ஆம் நூற்றாண்டில் நகரங்கள் கூலிப்படைத் தலைவர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் பெயர் கொண்டோட்டா. அந்தத் தலைவர்களைக் கொண்டோட்டியேரி என்று சொல்வதே அதிலிருந்து வந்ததுதான். உறுதியான காலம் ஒன்று, அதன் பிறகு விருப்பப்பட்டால் நீட்டிக்கும் காலம் ஒன்று என்றெல்லாம் அதில் பிரித்து எழுதியிருப்பார்கள். ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயன் அந்த உலகத்தின் பெரிய புள்ளி. தங்களைத் தாக்காமல் இருப்பதற்காக மட்டும் ப்ளோரன்ஸ் நகரத்தார் 1375ல் அவனுக்கு 1,30,000 ப்ளோரின் பொற்காசு கொடுக்கச் சம்மதித்தார்கள். பிறகு அதே நகரத்துக்கே வேலை பார்த்தான். 1394ல் இறந்த அவனுக்கு அந்த நகரத்தின் பேராலயச் சுவரில் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி ஓவியம் இன்றும் இருக்கிறது.

என் மேசையில் ஒப்பந்தத்தை ஒரு முழுத் தாளில் எழுதி நடுவில் வைப்பேன். வீரர்கள் பேரம் பேசலாம், திருத்தலாம், கடைசியில் அவரவர் கேரக்டர் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். 'சரணடைந்த ஊரைக் கொளுத்த மாட்டோம்' என்று ஒருமுறை ஒருவர் பேனாவை வாங்கி அவராகவே ஒரு வரி சேர்த்தார். ஆறு செஷன் கழித்து எஜமானர் அதைத்தான் செய்யச் சொன்னார். நான் அதற்காக எதையும் திட்டமிடவில்லை. அந்த வரி அங்கே இருந்ததால் அந்தக் கேள்வி வந்தது.

அடுத்தது சம்பளம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஆயுதம் பிடிக்கத் தெரிந்த கூலியாளுக்கு நாளுக்கு 2 பொற்காசு. 20 ஆட்கள் என்றால் 30 நாளுக்கு 1,200. அதே விதிநூலில் உடல் முழுக்க மூடும் தகட்டுக் கவசத்தின் விலை 1,500. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் சண்டைக்காரர் ஒரு வருடமாக ஆசைப்படும் கவசத்தை வாங்கினால், ஒரு மாதம் முழுக்க இருபது பேருக்குச் சம்பளம் இல்லை. வாங்கலாம், தடுக்க வேண்டாம். மறுநாள் காலை கூடாரங்களுக்கு நடுவே அந்தப் புதுக் கவசத்தோடு அவர் நடந்து வரட்டும். யாரும் வணக்கம் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆட்கள் எப்போது ஓடுவார்கள் என்பதற்கு அதே விளையாட்டின் 1981ல் வந்த பழைய பேசிக் பதிப்பில் ஒரு எளிய விதி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனஉறுதி எண். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டினால் அந்த எண்ணைத் தாண்டிவிட்டதா, அவன் நிற்க மாட்டான். எந்தப் பதிப்பை ஆடினாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் பாக்கி இருந்தால் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு இதே உணர்வைத் தருவது 2017ல் வந்த 'பேட்டில் பிரதர்ஸ்'. தினக்கூலி, சாப்பாடு, காயம், செத்தவன் செத்தவனே. மேசையில் ஆடும் குழுவில் ஒருவராவது அதைச் சில மணி நேரம் ஆடிப் பார்ப்பது நல்லது. கையில் காசு குறையக் குறைய நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் நடுவே இருக்கும் கோடு எப்படி நகர்கிறது என்பது புரியும்.

காசு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்குக் குக்கின் இரண்டாவது நாவல்தான் எனக்குத் தெரிந்ததிலேயே சிறந்த பாடம். 'ஷேடோஸ் லிங்கர்', அதுவும் 1984தான். ஜூனிப்பர் என்ற குளிர் நகரத்தில் ஷெட் என்று ஒரு சத்திரக்காரன். கோழை, கடன்காரன், வட்டிக்குக் கொடுத்தவன் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். நகரத்துக்கு மேலே ஒரு கறுப்புக் கோட்டை, அங்கே பிணங்களை விலைக்கு வாங்குகிறார்கள். பனிக்காலத்தில் அனாதையாகச் செத்தவர்களைக் கொண்டு போய்ப் போடுவதில் தொடங்குகிறான். இயற்கையாகச் செத்தவர்கள் தீர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஷெட் கதாநாயகன் கிடையாது, சூனியமோ வீரமோ அவனிடம் இல்லை. ஆனால் அந்த நாவலில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வது அவனைத்தான். உங்கள் ஆட்டத்தில் ஒரு என்பிசியை, அதாவது கேம் மாஸ்டரே ஆடும் ஒரு பாத்திரத்தை, இப்படிச் செய்து பாருங்கள். அவனுக்கு ஒரு கடன் தொகை எழுதுங்கள், கெடு எழுதுங்கள். வீரர்கள் அவன் சத்திரத்தில் தங்கும் ஒவ்வொரு முறையும் கடனும் கெடுவும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அவனுக்குத் தனியாகச் சதித்திட்டம் யோசிக்கவே வேண்டாம்.

பெயர்கள் பற்றிச் சின்ன விஷயம். பிளாக் கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பெயர் தெரியாது. ஒன்-ஐ, காப்ளின், சைலன்ட், ரேவன், எல்லாம் பட்டப்பெயர்தான். படையில் சேரும்போது பழைய வாழ்க்கையை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள், யாரும் கேட்பதில்லை. நம் ஊர்ப் பக்கம் பட்டப்பெயர் வைப்பதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயில் நுழையாத எல்ஃப் பெயர்களை விட்டுவிட்டு ஒட்டடை, ஊமையன், கரண்டி, ஒற்றைச்செவி என்று வைத்துப் பாருங்கள். இருபது என்பிசிகளையும் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஞாபகம் இருக்கிற ஆள் செத்தால்தான் வலிக்கும்.

மாயத்தையும் குக் தரையில் நின்று பார்க்கிறார். 'டேக்கன்' என்று பத்துப் பெரிய மந்திரவாதிகள். அவர்கள் மோதும்போது கீழே நிற்கும் குரோக்கருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. தீ தெரியும், நாற்றம் தெரியும், ஓட வேண்டிய திசை தெரியும். நம் மேசையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அளவு, தூரம், நேரம் எல்லாம் விதிநூலில் இருப்பதால் பயம் போய்விடுகிறது. வீரர்களின் மந்திரம் விதிப்படி இருக்கட்டும். எஜமானர்களின் மந்திரத்துக்குப் பெயரே சொல்லாதீர்கள், விளைவை மட்டும் சொல்லுங்கள்.

இப்போது ஏடு. எங்கள் கேம்பெயினில், அதாவது பல செஷன்களாக நீளும் எங்கள் தொடர்கதையில், படையின் பெயர் சாம்பல் கொடி. தொடங்கும்போது 24 ஆட்கள், அதில் ஐந்து பேர் வீரர்கள் ஆடும் கேரக்டர்கள். மேசையில் அதிகம் பேசாத ஒரு தோழி இருந்தார். நீங்கள் பதிவாளராக இருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு கெட்டி அட்டை நோட்டை அவரிடம் கொடுத்தேன். வேலை எளிது. செஷன் முடிந்ததும் ஐந்து வரி. செத்தவர் இருந்தால் தனியாக ஒரு வரி. அடுத்த செஷன் அதை வாசித்துத்தான் தொடங்கும்.

ஒரு ஆற்றங்கரையில் பின்வாங்க வேண்டி வந்தது. பாலத்தை யார் பிடித்து நிற்பது என்று கேட்டபோது, சீக்கிரம் முடியட்டும் என்று சமையல்காரனையும் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு வந்தார்கள். பகடை நல்லபடியாக விழவில்லை. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நேரமாகிவிட்டது, கிளம்பிப் போய்விட்டோம். இரண்டு வாரம் கழித்து பதிவாளர் நோட்டைத் திறந்து வாசித்தார்: 'கரண்டி. சமையல்காரர். பாலத்தில். உப்பு எப்போதும் கூடத்தான் போடுவார். இன்று யார் சமைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.' யாரும் டைஸைத் தொடவில்லை. பாலத்தில் ஆளை நிறுத்தச் சொன்னவர் கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு வீடு எங்கே, சம்பள பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றார். நான் தயார் செய்து வைத்திருந்ததை மூடி வைத்துவிட்டேன். அடுத்த மூன்று செஷன் அந்தப் பயணம்தான். இரண்டு வருடத்தில் அதைவிட நல்ல ஆட்டம் எங்களுக்கு அமையவில்லை.

இன்னொன்றும் இந்த ஏட்டில் உண்டு. தன் ஆட்கள் செய்த கொடுமைகளில் நிறைய விஷயங்களைத் தான் எழுதாமல் விடுவதாகக் குரோக்கரே ஒப்புக்கொள்கிறான். அவர்கள் அவனுக்குச் சகோதரர்கள், அதனால் மறைக்கிறான். பதிவாளரிடம் இந்த உரிமையைக் கொடுங்கள். ஒரு செஷனில் படை செய்த கேவலமான காரியத்தை எழுதுவதா வேண்டாமா என்று மேசையில் உட்கார்ந்து வாதாடும்போது, நல்லவன் கெட்டவன் என்று கேரக்டர் ஷீட்டில் ஒரு கட்டத்தை நிரப்புவதைவிடப் பல மடங்கு அதிகமாக அந்தக் கேரக்டர்களைத் தெரிந்துகொள்வீர்கள்.

இதற்கென்றே செய்த விளையாட்டும் உண்டு. 2004ல் கிரீன் ரோனின் நிறுவனம் பிளாக் கம்பெனி உலகத்தையே இருபதுமுகப் பகடையை வைத்து ஆடும் டி20 விதிகளுக்குள் கொண்டுவந்த ஒரு தடித்த புத்தகம் போட்டது. அதைவிட 2019ல் வந்த 'பேண்ட் ஆஃப் பிளேட்ஸ்' எனக்கு நெருக்கமானது. தோற்றுப்போன ஒரு படை, பின்னால் துரத்தி வரும் பிணச்சேனை, பனி விழுவதற்குள் ஸ்கைடேகர் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் யாருக்கும் நிரந்தரக் கேரக்டர் கிடையாது. ஒருவர் தளபதி, ஒருவர் ஆட்களைப் பிரித்து அனுப்புபவர், ஒருவர் சரக்கு பார்ப்பவர், ஒருவர் கதைகளைக் காப்பவர். களத்துக்குப் போகும்போது இன்றைக்கு யார் போகிறார்களோ அந்தச் சிப்பாயை எடுத்து ஆடுவீர்கள். பெரும்பாலும் இரண்டு பணிகள் ஒன்றாக வரும். ஒன்றை ஆடுவீர்கள், இன்னொன்று ஒரே பகடை வீச்சில் முடிந்துவிடும். அந்த ஒற்றை வீச்சு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் போன வாரம் நீங்கள் ஆடிய ஆள் அதில் இருப்பான். முழுக்க மாற வேண்டாம் என்றால் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் உங்கள் ஆட்டத்துக்குள் கொண்டு வரலாம்.

நாவலுக்கும் விளையாட்டுக்கும் நடுவே போக்குவரத்து ஒருவழி இல்லை. ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸ்லமான்ட்டும் தொல்லியல் படித்த எழுத்தாளர்கள். 1980களில் தாங்கள் ஆடுவதற்காக உருவாக்கிய உலகம்தான் பிறகு மலாசான் என்ற ஃபேன்டஸி நாவல் வரிசை ஆனது. முதலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அப்புறம் கர்ப்ஸ் என்ற இன்னொரு விளையாட்டின் விதிகளில் ஆடியிருக்கிறார்கள். முதல் நாவல் 1999ல் வந்தது. அதில் வரும் பிரிட்ஜ்பர்னர்ஸ் படையைப் படிக்கும்போது, மேசையில் நண்பர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளும் தொனி காதில் விழும். கிரிம்டார்க் என்று இன்று இந்த வகைக்குச் சொல்லும் பெயரே வார்ஹாமர் 40,000 விளையாட்டின் முகப்பு வாசகத்திலிருந்து வந்ததுதான்.

நாவலோடு நிறுத்தாமல் கொஞ்சம் உண்மை வரலாறும் படியுங்கள், கேம்பெயினுக்குக் கதை தேடி அலைய வேண்டியதில்லை. கத்தலான் கம்பெனி என்ற கூலிப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1303ல் துருக்கியர்களோடு சண்டை போட பைசாந்தியப் பேரரசன் இவர்களைக் கூப்பிடுகிறான். ஜெயிக்கிறார்கள், சம்பளம் இழுபறியாகிறது, 1305ல் தலைவன் ரோஜர் டி ஃப்ளோரை விருந்துக்கு அழைத்த இடத்தில் வெட்டிக் கொல்கிறார்கள். கூலிக்கு வந்த படை அந்த நாட்டையே சூறையாடத் தொடங்குகிறது. பிறகு ஏதென்ஸ் பிரபு ஒருவன் இவர்களை வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் பாக்கியைக் கொடுக்காமல் துரத்தப் பார்க்கிறான். 1311ல் அவனுடைய கனத்த குதிரைப்படை சதுப்பு நிலத்தில் சிக்கி அழிகிறது, அவனும் சாகிறான், படை அவன் நாட்டுக்கே சொந்தக்காரர்கள் ஆகிறது. இந்தக் கதையின் முதல் பாதியை நமக்கு எழுதி வைத்தவர் ராமோன் முந்தானேர். வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல, படையோடு கல்லிப்போலி என்ற துறைமுக ஊரில் இருந்து நிர்வாகம் பார்த்தவர். ஆண்கள் வெளியே போயிருந்த சமயத்தில் ஜெனோவாக்காரர்கள் தாக்கியபோது, பெண்களை மதில் மேல் நிறுத்தி ஊரைக் காப்பாற்றினார். 1325 முதல் உட்கார்ந்து எழுதினார், தன் ஆட்களை எங்கும் விட்டுக்கொடுக்காமல். குரோக்கரைப் படித்த பிறகு முந்தானேரைப் பற்றிப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, குக்கின் தெற்குப் பகுதி நாவல்கள், 1989ல் வந்த 'ஷேடோ கேம்ஸ்' முதல். படை டாக்லியோஸ் என்ற நாட்டுக்கு வருகிறது. அது இந்தியாவின் நிழல் என்பது நம் கண்ணுக்கு உடனே தெரியும். கினா என்ற அழிவுத் தெய்வம், துணியால் கழுத்தை நெரிக்கும் வஞ்சகர் கூட்டம், நாராயண் சிங் என்ற பெயர். காளியும் தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரர்களும் ஆங்கிலேயர் காலத்து எழுத்துகளில் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்களோ, அந்த வாசனை இதில் பலமாக இருக்கிறது. கதையாக விறுவிறுப்பானது, நான் ஆர்வமாகத்தான் படித்தேன். ஆனால் அதை அப்படியே மேசைக்குக் கொண்டுவர மாட்டேன். நமக்குக் காளி பக்கத்துத் தெருக் கோயிலில் இருக்கிறாள். அவளுடைய நிழலை வெறும் பூச்சாண்டியாக நான் ஆட முடியாது.

இரண்டாவது எச்சரிக்கை முக்கியமானது. போர்க்கொடுமை, சித்திரவதை, பெண்களுக்கு நடப்பவை எல்லாம் இந்த நாவல்களின் ஓரங்களில் இருக்கின்றன. படிக்கும்போது புத்தகத்தை மூடி வைக்கலாம். மேசையில் ஐந்து பேர் நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் டைஸ் இல்லாமல் உட்கார்ந்து, எது வரவே கூடாது, எது நடந்தாலும் காட்டாமல் தாண்டிவிட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் பாலியல் வன்முறை வராது, குழந்தைகள் சாக மாட்டார்கள். அதனால் ஆட்டத்தின் கனம் குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

படிக்கும் வரிசை என்று கேட்டால் முதல் மூன்று நாவல்கள் போதும்: 'தி பிளாக் கம்பெனி', 'ஷேடோஸ் லிங்கர்', 1985ல் வந்த 'தி ஒயிட் ரோஸ்'. முதல் புத்தகத்தின் தொடக்கத்தில் யார் என்ன என்று புரியாமல் தடுமாறுவீர்கள், ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் படிக்க வேண்டியதில்லை. ஆட்டம் நடத்துபவரும், பதிவாளராக இருக்கப்போகிறவரும் படித்தால் போதும். அடுத்த செஷனுக்கு அரக்கனைத் தேடாமல் ஒரு முழுத் தாள், ஒரு பேனா, ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இருபது பட்டப்பெயர்கள். சமையல்காரனை முதலில் எழுதுங்கள்.